மிசிசிப்பிப் பாடாந்தரம்

மயிலாப்பூரில் மார்கழி முழுக்க ஒரே தியாகராஜர் கீர்த்தனையை நாலு சபாவில் நாலு பேர் பாடக் கேட்கிறோம். இன்னொருவர் பாட்டாயிற்றே என்று யாரும் எழுந்து போவதில்லை. யாரிடம் பாடம், நிரவலுக்கு எந்த இடத்தை எடுத்தார் என்பதுதான் கேண்டீனில் பேச்சு. அந்தக் காதோடு கேட்க வேண்டிய ரெக்கார்டு, 'தி பிளாக் கீஸ்' குழு 2021 மே மாதம் வெளியிட்ட 'டெல்டா க்ரீம்'. இரண்டு எல்.பி., 11 பாட்டு. ஒன்றுகூட அவர்கள் இயற்றியதல்ல.

ஓஹையோவின் ஆக்ரன் நகரத்துக்காரர்கள் இருவர்: டான் அவர்பாக் பாட்டும் கிடாரும், பாட்ரிக் கார்னி டிரம்ஸ். எடுத்துக்கொண்டது வடக்கு மிசிசிப்பிக் குன்றுப் பகுதியின் ப்ளூஸ். பெரும்பாலும் அந்தப் பகுதிப் பாடகர்களான ஜூனியர் கிம்ப்ரோ, ஆர். எல். பர்ன்சைடு வழியாக வந்தவை. வழக்கமான ப்ளூஸில் 12 பார் கணக்குக்குள் கார்டு மாறிக்கொண்டே இருக்கும். குன்றுப் பகுதிக்காரர்களோ பல பாட்டுகளில் ஒரே கார்டில் உட்கார்ந்துவிடுவார்கள். கீழ்த்தந்தி ஆதார ஸ்வரத்தை விடாமல் பிடித்திருக்க, மேலே சின்னச் சின்னப் பிடிகள் சுற்றிச் சுற்றி வரும். தம்பூரா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அலுக்காது.

ஆல்பத்தின் உயிர் பக்கவாத்தியத்தில் இருக்கிறது. ஸ்லைடு கிடார் வாசிக்கும் கென்னி பிரவுன், 1970களிலிருந்து பல காலம் பர்ன்சைடு பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். பேஸ் கிடார் எரிக் டீட்டன், கிம்ப்ரோவோடு வாசித்தவர். மூலவர்கள் இருவரும் போய்விட்டார்கள். கிம்ப்ரோ 1998இல், பர்ன்சைடு 2005இல். அவர்களுக்கு வாசித்த கைகளையே அழைத்து, நாஷ்வில்லில் ஒத்திகை இல்லாமல் இரண்டு பிற்பகல்களில், சுமார் 10 மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். 'கிராலிங் கிங்ஸ்நேக்' ஜான் லீ ஹூக்கரால் பிரபலமானது. இங்கே அது கிம்ப்ரோ வழியில் நடக்கிறது. 6 நிமிஷம். கார்னியின் காலப்பிரமாணம் அசையாமல் நிற்க, பிரவுனின் ஸ்லைடு ஒவ்வொரு ஸ்வரத்தையும் கீழிருந்து தேய்த்துக்கொண்டே தொடுகிறது. நம் ஜாருக்குப் பழகிய காது அங்கே தானாக நிமிரும்.

அவர்பாக்கின் குரலில் கிம்ப்ரோவின் கனம் இல்லை. 'கோயிங் டவுன் சவுத்'தில் அவர் மேலே ஏறிக் கள்ளக்குரலில் பாடுகிறார். சபாவில் முகம் சுளிப்பார்கள். அந்தப் பாட்டுக்கு அதுதான் பொருந்துகிறது, மூலத்தோடு மல்லுக்கட்டாமல் தனக்கென்று ஓர் இடமும் கிடைக்கிறது.

எல்.பி.யில் கேட்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்துக்கு இரண்டு மூன்று பாட்டுகள்தான். நேரம் குறைந்தால் பள்ளங்களை நெருக்க வேண்டியதில்லை, பேஸ் தாராளமாக இறங்கும். ஒரே ஸ்வரத்தை நம்பிய இசைக்கு அந்த அடித்தளம் முக்கியம். (அடையாறு கடல் காற்றில் அட்டை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த படம் உள்ள உறை இது, பிளாஸ்டிக் கவர் போட்டுவிடுங்கள்.)

கிம்ப்ரோவின் 'டூ த ராம்ப்' பாட்டை இதே இருவரும் 2002இல் தங்கள் முதல் ஆல்பத்திலேயே வாசித்திருந்தார்கள். வீட்டு நிலவறையில் பதிவு செய்தது, கரடுமுரடானது. 2021இல் அதே பாட்டில் அவசரம் போய்விட்டது. பக்கத்தில் பெரியவர்கள் இருக்கும் தைரியம் கேட்கிறது. கிம்ப்ரோவே பாடியது 1992இன் 'ஆல் நைட் லாங்' ஆல்பத்தில் இருக்கிறது. மூன்றையும் ஒரே அமர்வில் கேளுங்கள், கிம்ப்ரோவை முதலில்.