ஜூலியட்டுக்குத் தோழி இல்லை

சான் பிரான்சிஸ்கோ பாலே நிறுவனத்துக்காக ஹெல்கி தாமசன் அமைத்த 'ரோமியோ ஜூலியட்' 1994இல் வார் மெமோரியல் ஆபரா ஹவுசில் முதன்முதலாக மேடையேறியது. பிறகு பல பருவங்களில் திரும்ப வந்திருக்கிறது. 2015இல் படமாக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கும் போனது. மாடத்தில் நடக்கும் காதல் நடனத்துக்கும் வாள்சண்டைக்கும் கைதட்டல் தவறாமல் விழும். இந்தக் கதையை எப்போது பார்த்தாலும் என் கண் தேடுவது இன்னொருத்தியை: ஜூலியட்டுக்குப் பாலூட்டி வளர்த்த செவிலி.

பாலே மேடை அவளைப் பெரும்பாலும் சிரிப்பு வேடமாகவே வைத்திருக்கிறது. இந்தப் பாலேக்குப் புரோகோஃபீவ் அமைத்த இசையில் அவளுக்கென்றே பகுதிகள் உண்டு. இரண்டாம் அங்கத்தில் ஜூலியட்டின் கடிதத்தோடு சந்தைத் தெருவுக்கு வருவாள், இளைஞர்கள் சீண்டுவார்கள், அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்போடு அவள் கணக்கு முடிந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய குறை. ஷேக்ஸ்பியரின் நாடகம் திசை திரும்புவதே அவள் கையில்தான்.

முதல் அங்கம் மூன்றாம் காட்சியைப் பாருங்கள். மகளிடம் கல்யாணப் பேச்சை எடுக்க வந்த தாய், செவிலியை வெளியே போகச் சொல்கிறாள். மறுகணமே திரும்பக் கூப்பிடுகிறாள். பெற்ற பெண்ணோடு தனியாகப் பேச அவளுக்கு வரவில்லை. மகளுக்குப் பதினான்கு நிறையவில்லை என்பது தாய்க்குத் தெரியும். எந்த நாள், எந்தப் பொழுது என்று செவிலிக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் நிலநடுக்கம் வந்த அன்றுதான் குழந்தைக்குப் பால் மறக்கடித்தாளாம்; அன்று பெற்றவர்கள் இருவரும் மாந்துவாவில் இருந்தார்களாம். எந்தக் குறையும் சொல்லாமல், ஊர்க்கதை போல இதைச் சொல்லிக்கொண்டு போகிறாள்.

அதே பேச்சில் ஒரு பெயர் வந்து போகிறது: சூசன். செவிலியின் சொந்த மகள், ஜூலியட்டின் வயதுக்காரி, குழந்தையிலேயே இறந்துவிட்டவள். ஆங்கில அரங்கில் இந்த வரி ஒரு பெருமூச்சோடு கடந்துவிடும். சங்க அகப்பாடல்களோடு வளர்ந்தவர்களுக்கு அப்படிக் கடந்துவிட முடியாது. தலைவியின் தோழி யார் என்றால் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். அப்படியென்றால் சூசன்தான் ஜூலியட்டின் தோழியாகியிருக்க வேண்டியவள். அவள் இல்லாததால் செவிலியே தோழி வேலையையும் சேர்த்துச் சுமக்கிறாள்: தூது போகிறாள், நூலேணி கொண்டுவருகிறாள், ரகசியக் கல்யாணத்துக்குத் துணை நிற்கிறாள்.

நம் மரபில் களவு, அதாவது மறைவான காதல், ஊரறிந்த கல்யாணமான கற்பாக மாற ஒரு வழி இருந்தது. அறத்தொடு நிற்றல் என்பார்கள். தோழி செவிலியிடம் சொல்வாள். செவிலி பெற்ற தாயான நற்றாயிடம் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் தெரியப்படுத்துவாள். ரகசியம் ஒவ்வொரு படியாக வீட்டுக்குள் ஏறும். ஜூலியட் பிறந்த கபுலெத் வீட்டில் முதல் இரண்டு படியும் ஒரே ஆள். மூன்றாவது படியான தாயோ மகளோடு தனியே இருக்கவே தயங்குகிறவள். சொல்ல வேண்டியது தங்கிப் போனதில் வியப்பில்லை.

மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சிதான் செவிலியின் உண்மையான பரீட்சை. வீட்டில் பார்த்த மாப்பிள்ளை பாரிஸைக் கட்டிக்கொள், இல்லையென்றால் தெருவில் கிடந்து சாவு என்று தந்தை கபுலெத் மகளைப் பார்த்துக் கத்துகிறார். அந்த நேரத்தில் பெண்ணுக்காக எஜமானரையே எதிர்த்துப் பேசுகிறவள், சம்பளத்துக்கு இருக்கும் செவிலி. வாயை மூடு என்று அவளையும் அடக்குகிறார். தாயும் கைகழுவிவிட்டுப் போகிறாள். பெற்றவர்கள் போனபின் ஜூலியட் ஆறுதல் கேட்க, செவிலி சொல்கிறாள்: ரோமியோ நாடுகடத்தப்பட்டவன், வரப்போவதில்லை, பாரிஸையே கட்டிக்கொள். அந்த நிமிடத்தோடு ஜூலியட் அவளை மனத்திலிருந்து விலக்கிவிடுகிறாள். அந்தக் கல்யாணத்திலிருந்து தப்ப, செத்தவள்போல் கிடக்கக் குடிக்கப்போகும் மயக்க மருந்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. குடிக்கப்போகும் இரவில் பயம் தாங்காமல் செவிலியைக் கூப்பிட வாயெடுத்து, அவளால் என்ன ஆகும் என்று தன்னையே அடக்கிக்கொள்கிறாள்.

இதைத் துரோகம் என்று தீர்ப்பெழுதுகிற விமர்சனங்களோடு எனக்கு உடன்பாடில்லை. சற்றுமுன் எதிர்த்துப் பேசி அவமானப்பட்டவள் அவள். அந்த வீட்டுச் சோற்றில் இருப்பவளுக்குத் தன் குரல் எட்டும் தூரம் எவ்வளவு என்று அப்போதுதான் காட்டப்பட்டிருக்கிறது. ஜூலியட் உயிரோடு இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொல்கிறாள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இதைப் புரிந்துகொள்ள அதிக தூரம் போக வேண்டாம். குழந்தையின் முதல் அடியை நானி பார்க்க, பெற்றவர்கள் வீடியோவில் பார்க்கும் வீடுகள் இங்கே நிறைய. அப்படிப்பட்டவர்களுக்கு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் தாண்டினால் கூடுதல் ஊதியம் என்ற உரிமை கலிஃபோர்னியாவில் 2014இல்தான் நடப்புக்கு வந்தது. வளர்க்கும் கைக்கு வீட்டில் எவ்வளவு சொல்லுரிமை என்ற கேள்வி, நாடகம் நடக்கும் வெரோனாவோடு முடிந்துவிடவில்லை.

1968இல் ஜெஃபிரெல்லியின் படத்தில் பாட் ஹேவுட்டும், 1996இல் லூர்மனின் படத்தில் மிரியம் மார்கோலிஸும் செவிலியாக நடித்தார்கள். இரண்டிலும் அந்த அறிவுரைக் காட்சி உண்டு. பாலேக்கு வசனம் இல்லை. ஆனால் உடல் இருக்கிறது. கபுலெத்தின் கோபம் செவிலிமேல் விழுவதை, அவள் ஜூலியட்டின் கையைப் பிடித்துப் பாரிஸ் நின்ற பக்கம் திருப்புவதை, அந்தக் கையைப் பெண் உருவிக்கொள்வதை நாற்பது நொடியில் ஆடிவிடலாம். அதற்கு அந்த வேடத்தை முதல் அங்கத்திலிருந்தே தாயாக ஆடும் கலைஞர் தேவை, கோமாளியாக ஆடுபவர் அல்ல.

ஷேக்ஸ்பியருக்கு மூலமான ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கவிதைக் கதையில், கல்யாணத்தை மறைத்த குற்றத்துக்காகச் செவிலி நாடுகடத்தப்படுகிறாள். ஷேக்ஸ்பியர் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டார். கடைசிக் கல்லறைக் காட்சியில், ரகசியக் கல்யாணத்தை நடத்திவைத்த துறவி லாரன்ஸ் அவளைச் சாட்சியாகச் சொல்கிறார், ஆனால் அவள் மேடைக்கு வருவதில்லை. அடுத்து இதை அமைக்கும் இயக்குநர் யாராக இருந்தாலும், கல்லறையில் கூடி நிற்கும் அந்தக் கூட்டத்தில் அவளுக்கு ஓர் இடம் தரவேண்டும்.