படிக்கிற எழுத்தா, பார்க்கிற எழுத்தா?

சுவரொட்டி என்றால் நம்மவர்களுக்குச் சினிமாவும் தேர்தலும்தான். ஓடுகிற பஸ்ஸில் இருந்தபடியே படித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டியவன் காசு வீண். இந்தக் கணக்கை மாற்றிப் போட்டவர்கள் ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்து ஓவியர்கள் சிலர். பழைய கலைஞர் சங்கத்தோடு ஒத்துப்போகாமல் 1897இல் வெளியேறி, ‘செசெஷன்’, அதாவது பிரிந்துபோதல், என்றே தங்கள் அமைப்புக்குப் பெயர் வைத்தார்கள். முதல் தலைவர் குஸ்தாவ் கிளிம்ட்.

1898இல் நடந்த முதல் கண்காட்சிக்குக் கிளிம்டே சுவரொட்டி வரைந்தார். மேலே கிரேக்கப் புராண வீரன் தீசியஸ், மாட்டுத்தலை அரக்கனைக் கொல்கிறான். வலப்பக்கம் அதீனா தேவி கேடயமும் ஈட்டியுமாக நிற்கிறாள். நடுவில்? ஒன்றுமே இல்லை, வெற்றுத் தாள். வீரன் நிர்வாணமாக இருக்கிறான் என்று தணிக்கை அதிகாரிகள் தடுக்கவே, மரத்தண்டுகளை வரைந்து மறைக்க வேண்டியதாயிற்று. புதுமை பழமையை வெல்கிறது என்று சொல்ல வந்த படத்திலேயே பழமை கைவைத்துவிட்டது, பாருங்கள்! ஆனாலும் அந்த வெற்றிடம் அப்படியே நின்றது. எல்லாரும் கூச்சல் போடுகிற தெருவில் மௌனமாக இருப்பவரைத்தானே நாம் திரும்பிப் பார்ப்போம்?

ஆல்ஃபிரட் ரோலர் வேறு வழி போனார். 1903இல் 16ஆவது கண்காட்சிக்கு அவர் செய்த சுவரொட்டியில் எழுத்துதான் படம். செசெஷன் என்ற சொல்லில் வரும் ‘எஸ்’ எழுத்துகள் கொடி மாதிரி நீண்டு இறங்குகின்றன. கீழே விவரங்கள் செங்கல் அடுக்கினாற்போல் நெருக்கமாக இருக்கின்றன. எழுத்து எது, இடைவெளி எது என்று கண் தடுமாறும். 1960களில் சான் பிரான்சிஸ்கோவில் வெஸ் வில்சன், ராக் இசைக் கச்சேரிச் சுவரொட்டிகளுக்கு ரோலரின் எழுத்தைத்தான் முன்மாதிரியாகக் கொண்டார்.

ரோலரின் கைத்திறனில் குறையில்லை. இருந்தாலும் கிளிம்டுக்கே என் ஓட்டு. எனக்கு ஜெர்மன் தெரியாது. ரோலரின் தாளில் எனக்குக் கிடைப்பது வெறும் கோலம். கிளிம்டின் தாளிலோ, எழுத்து புரியாவிட்டாலும் சண்டை புரிகிறது. ரோலரை ரசிக்க அந்த எழுத்து முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவனுக்குத்தான் அது விளையாட்டு.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. தமிழ் படிக்கத் தெரியாமல் வளரும் நம் பிள்ளைகள் கண்ணுக்கு நம் விழா அழைப்பிதழும் கோலம்தான். ‘அழகா இருக்கே’ என்பார்கள், மடித்து வைத்துவிடுவார்கள். எழுத்துக்கு அழகு வேண்டியதுதான். ஆனால் படிக்க ஆளில்லாத எழுத்துக்கு அழகு மட்டுமே மிஞ்சும்.