தனிச்சிறப்புக்கும் ஒரே படிவம்

கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்குப் போகும் கல்லூரி ஏழு அளவுகோல்களுக்குப் பதில் எழுத வேண்டும். ஏழாவதின் கடைசிப் பகுதி, நிறுவனத்தின் தனிச்சிறப்பு. வேறெங்கும் இல்லாதது உங்களிடம் என்ன இருக்கிறது என்று எல்லாக் கல்லூரிகளையும் ஒரே படிவத்தில் கேட்கிறார்கள். பதில்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே வருகின்றன: முதல் தலைமுறைப் பட்டதாரிகள், பெண் கல்வி, கிராமத் தத்தெடுப்பு. அமைப்புகள் ஏன் ஒன்றுபோல் ஆகின்றன என்று கேட்கும் நிறுவனக் கோட்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

அமைப்புகள் புதிய குழுக்களையும் விதிகளையும் ஏற்படுத்துவது வேலை நன்றாக நடக்க என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் அவை இருந்தால்தான் முறையான அமைப்பு என்று வெளியுலகம் மதிக்கும், அதற்காகவே பலவும் ஏற்படுகின்றன என்றார்கள் சமூகவியலாளர்கள் ஜான் மேயரும் பிரையன் ரோவனும், 1977இல். எழுதியபடியே நடந்தால் அன்றாட வேலை ஓடாது; அதனால் காகிதம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். 1983இல் பால் டிமாஜியோவும் வால்டர் பவலும், ஒரே துறையில் உள்ள அமைப்புகள் மூன்று வழிகளில் ஒன்றுபோல் ஆகின்றன என்றார்கள்: கட்டாயத்தால், பார்த்து நகலெடுப்பதால், தொழில்முறைப் பழக்கத்தால்.

மூன்றும் நம் கல்லூரிகளில் அப்படியே இருக்கின்றன. 1994இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தொடங்கிய நாக், முதலில் விரும்பியவர்கள் போகும் இடமாக இருந்தது. யுஜிசியின் 2012ஆம் ஆண்டு விதிமுறை அதைக் கட்டாயமாக்கியது. தன்னாட்சி வேண்டுமென்றாலும் நாக் வேண்டும். ஏ ப்ளஸ் ப்ளஸ் கிரேடு வாங்கிய கல்லூரியின் சுய ஆய்வு அறிக்கை (எஸ்.எஸ்.ஆர்.) இணையதளத்திலேயே கிடைக்கிறது, நகலுக்கு அது போதும். கல்லூரிகளை நேரில் ஆய்வு செய்யும் பியர் டீமில் போய்வந்த பேராசிரியர் பயிலரங்கு நடத்தி மிச்சத்தைச் சொல்லித்தருகிறார். மரக்கன்று நட்ட ஜியோடேக் போட்டோவின் அடியில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் இருக்கும். கன்று பிழைத்ததா என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

இதுவரை கோட்பாடு அழகாகப் பொருந்துகிறது. அந்தப் பொருத்தம்தான் என் சந்தேகம். கல்லூரி விதியை உண்மையாகப் பின்பற்றினால் ஒன்றுபோல் ஆகிவிட்டது என்கிறோம். பின்பற்றுவதுபோல் காட்டினால் காகிதத்தையும் வேலையையும் பிரித்துவைத்துவிட்டது என்கிறோம். எது நடந்தாலும் ஜெயிக்கிற கோட்பாடு எதையும் விளக்கவில்லை.

ஆனால் அது துணிந்து பந்தயம் கட்டிய இடமும் உண்டு. பமீலா டால்பர்ட்டும் லின் சக்கரும் 1880 முதல் 1935 வரை அமெரிக்க நகரங்களில் தகுதி அடிப்படையிலான அரசுப் பணி நியமன முறை பரவியதை ஆராய்ந்தார்கள். மாநிலம் கட்டாயப்படுத்தாத நகரங்களில், முதலில் அதை ஏற்றவை எவை என்பதைக் குடியேறியவர்களின் பங்கு போன்ற உள்ளூர் நிலைமைகளே பெரிதும் விளக்கின. பிறகு ஏற்ற நகரங்களிடம் அந்த விளக்கம் வலுவிழந்தது. ஊரெல்லாம் ஏற்றுவிட்டது என்பதே காரணமாயிற்று. தரவு வேறுமாதிரி வந்திருந்தால் வாதம் விழுந்திருக்கும். கோட்பாட்டின் பலம் இந்த மாதிரி வேலையில்தான். நடந்து முடிந்ததற்கெல்லாம் பெயர் சூட்டுவதில் இல்லை.

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. காகிதம் வெளியாட்களைச் சமாளித்துக்கொள்ளும், உள்ளே வேலை பாதிக்காமல் நடக்கும் என்று மேயரும் ரோவனும் கருதினார்கள். அந்தக் காகிதத்தை எழுதுவது யார்? பெரும்பாலும் இளம் உதவிப் பேராசிரியர்கள். ஐந்தாண்டு மினிட்ஸையும் ஃபீட்பேக் பகுப்பாய்வையும், அதன் மேல் எடுத்த நடவடிக்கை அறிக்கையையும் உட்கார்ந்து தயாரிக்கும் நேரம், பாடம் தயாரிக்கும் நேரத்திலிருந்துதான் வருகிறது. காகிதம் வேலையைக் காப்பதில்லை, தின்கிறது.

காகிதம் காகிதமாகவே இருந்துவிடுவதும் இல்லை. அமெரிக்க ஆரம்பப் பள்ளி ஒன்றில் புதிய தலைமையாசிரியர், பெயரளவில் இருந்த பொறுப்புக்கூறல் விதிகளை நிஜமாகவே அமல்படுத்தியபோது ஆசிரியர்களிடையே எழுந்த கொந்தளிப்பை டிம் ஹாலெட் 2010இல் பதிவுசெய்தார். நல்லவிதமாகவும் இது நடக்கலாம். ஃபைலுக்காக அமைத்த உள்ளகப் புகார்க் குழுவின் எண் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நம்பி ஒரு மாணவி புகார் எழுதிக் கொடுத்துவிட்டால், குழு கூடித்தான் ஆக வேண்டும். சடங்கு வெறும் சடங்கு என்று ஒதுக்குபவர்கள் இந்தப் பிடிமானத்தைப் பார்ப்பதில்லை.

பணத்தையும் நிறுவனக் கோட்பாட்டாளர்கள் போதிய அளவு பார்ப்பதில்லை. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினரை லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்ததே, அதை 'அங்கீகாரத் தேடல்' என்று விளக்கினால் சிரிப்பார்கள். நல்ல கிரேடு என்றால் சேர்க்கை, சேர்க்கை என்றால் கட்டணம்.

கோட்பாட்டைச் சோதிக்க ஒரு வாய்ப்பு வருகிறது. கிரேடுகளைக் கைவிட்டு, அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்ற இருநிலை முறைக்கு மாறப்போவதாக 2024 ஜனவரியில் நாக் அறிவித்தது. கோட்டைத் தாண்டினால் போதும் என்று ஆன பிறகும், எளிதாகத் தாண்டிவிட்ட கல்லூரிகள் யாரும் கேட்காத ஃபைல்களைத் தொடர்ந்து தயாரித்தால் டிமாஜியோ, பவல் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரே வருடத்தில் விட்டுவிட்டால், இத்தனை நாளும் நடந்தது லாப நஷ்டக் கணக்கு மட்டும்தான்.