மெனு மறைந்தால் எல்லாவற்றையும் அழிப்பதா?

எக்ஸ்எஃப்சிஇ என்ற லினக்ஸ் பணிச்சூழலில் பயன்பாட்டு மெனு காணாமல் போய்விட்டது என்று யாரிடம் முறையிட்டாலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பேனலின் (மெனு அமர்ந்திருக்கும் பட்டையின்) அமைப்புக் கோப்புகளை அழியுங்கள், வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். அப்படிச் செய்தால் பல நேரங்களில் மெனு திரும்பி வந்துவிடுகிறது. வந்துவிடுவதால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நல்ல வடிவமைப்பு இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் கடைசியில் எடுக்க வேண்டிய கருவியை முதலில் எடுக்கப் பழகிவிட்டோம் என்பதே என் வாதம்.

1996இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ, நினைவகம் குறைந்த பழைய கணினிகளுக்கு இன்றும் முதல் தேர்வுகளில் ஒன்று. அப்படிப்பட்ட கணினியைப் பயன்படுத்துபவரும் அதில் லினக்ஸை நிறுவியவரும் பல சமயம் வேறு வேறு ஆட்கள். மகன் நிறுவிக் கொடுத்திருப்பான், அம்மா பயன்படுத்துவார். ஆசிரியர் ஒருவர் நிறுவியிருப்பார், மாணவர்கள் பயன்படுத்துவார்கள். மெனுவின்மீது வலச்சொடுக்கினால் வரும் பட்டியலில் 'நகர்த்து' என்பதும் 'நீக்கு' என்பதும் அடுத்தடுத்து இருக்கின்றன. 'நீக்கு' என்பதைத் தொட்டால் ஓர் எச்சரிக்கை எழும்: இந்த உருப்படியை நீக்கினால் அது நிரந்தரமாக இழக்கப்படும் என்று அது சொல்லும். சரி என்று சொடுக்கியபின் அதைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் கிடையாது. எச்சரித்தது உண்மைதான். ஆனால் மெனுவே இல்லாத திரையில் உலாவியை எப்படித் திறப்பது, உதவியை எங்கே தேடுவது என்று தெரியாமல் நிற்பவருக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்?

முதலில் வழக்கத்தின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் பணிச்சூழல்களில் நிரல் ஓரிடத்திலும் நம் விருப்பங்கள் வேறிடத்திலும் இருக்கின்றன. பேனல் நிரல் கணினி முழுவதற்கும் பொது. அதில் என்னென்ன உருப்படிகள், எந்த வரிசையில், எந்த விளிம்பில் என்ற விவரங்கள் ஒவ்வொருவரின் ஹோம் கோப்புறைக்குள்ளும் 'கான்ஃபிக்' என்ற மறைகோப்புறையில் தனியே இருக்கும். அங்கே பேனலுக்கான கோப்பு இல்லாவிட்டால், நாம் நிறுவிய லினக்ஸ் வழங்கலை உருவாக்கியவர்கள் வைத்திருக்கும் இயல்புநிலைக் கோப்பைப் பேனல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்த ஒரு கோப்பை அகற்றுவதற்கு இணையம் தேவையில்லை, நிர்வாகியின் கடவுச்சொல் தேவையில்லை, லினக்ஸை மறுபடி நிறுவ வேண்டியதும் இல்லை. எழுதி வைத்த கடிதங்களும் படங்களும் அப்படியே இருக்கும். பேனல் தொகுப்பை நீக்கி மறுபடி நிறுவிப் பார்க்கச் சொல்லும் ஆலோசனையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். தொகுப்பு மேலாளர் ஹோம் கோப்புறையைத் தொடுவதே இல்லை. எத்தனை முறை நிறுவினாலும் மெனு இல்லாத அதே பேனல்தான் வந்து நிற்கும்.

குறை தொடங்கும் இடம் நோயறிதல். 'மெனு காணவில்லை' என்ற ஒரே புகாருக்குப் பின்னால் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். பேனலே ஓடாமல் இருக்கலாம். பேனல் ஓடிக்கொண்டிருக்க, மெனு உருப்படி மட்டும் அதிலிருந்து நீங்கியிருக்கலாம். உருப்படியும் இருந்து, சொடுக்கினால் உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கலாம். அழிக்கச் சொல்லும் ஆலோசனை இந்த மூன்றையும் ஒன்றாகவே பாவிக்கிறது. உண்மையில் அது நேரடியாகக் குணப்படுத்துவது இரண்டாவதை மட்டுமே. அதற்கும்கூட அவ்வளவு கடுமையான வழி தேவையில்லை.

இவற்றைப் பிரித்தறிய அரை நிமிடம் போதும். திரையின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கினால் வரும் பட்டியலிலேயே பயன்பாடுகள் என்ற கிளை இயல்பாக இருக்கும். கன்ட்ரோல் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினாலும் அதே பட்டியல் வரும். இதைத் தருவது பேனல் அல்ல. பின்புலப்படத்தையும் திரையிலுள்ள சின்னங்களையும் கவனிக்கும் வேறொரு நிரல். ஆனால் பேனலின் மெனுவும் இந்த மெனுவும் கார்சோன் என்ற ஒரே நூலகத்தின் வழியாக ஒரே மெனுக் கோப்பைத்தான் படிக்கின்றன. எனவே வலச்சொடுக்குப் பட்டியல் நிறைந்திருந்தால் கோளாறு பேனலில். அதுவும் வெறுமையாக இருந்தால் கோளாறு மெனுக் கோப்பில்; அப்போது பேனல் அமைப்பை எத்தனை முறை அழித்தாலும் பலனில்லை. இவ்வளவு எளிய சோதனை கைவசம் இருந்தும் பெரும்பாலான வழிகாட்டல்கள் இதைக் குறிப்பிடாமல் நேரே அழிப்புக் கட்டளைக்குத் தாவுவதுதான் எனக்கு வருத்தம்.

பேனலே காணவில்லை என்றால் அதற்குள்ளும் பல காரணங்கள். ஆல்ட் விசையோடு எஃப்2 அழுத்தினால் வரும் சிறு பெட்டியில் பேனல் நிரலின் பெயரைத் தட்டச்சு செய்து பார்க்கலாம். உடனே வந்துவிட்டால் அது இடையில் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த முறை உள்நுழையும்போதும் வராவிட்டால் சேமிக்கப்பட்ட அமர்வைச் சந்தேகிக்க வேண்டும். வெளியேறும்போது 'அமர்வைச் சேமி' என்ற குறி போடப்பட்டிருந்தால், அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த நிரல்களின் பட்டியலை எக்ஸ்எஃப்சிஇ எழுதி வைத்துக்கொள்ளும். பேனல் நின்றுபோயிருந்த வேளையில் அப்படிச் சேமித்தால், பேனல் இல்லாத அமர்வே மீண்டும் மீண்டும் திறக்கும். இந்தப் பட்டியல் இருப்பது கான்ஃபிக் கோப்புறையில் அல்ல, 'கேஷ்' என்ற மறைகோப்புறைக்குள். பேனலின் அமைப்பை அழித்தவர் தன் ஏற்பாடுகளையும் இழந்து, மெனுவும் கிடைக்காமல் நிற்பது இங்கேதான். வகுப்பறையில் புரொஜெக்டரோடு இணைத்திருந்த மடிக்கணினியில் இன்னொன்றும் நடக்கும்: பேனல் அந்த வெளித்திரைக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தால், கம்பியைப் பிடுங்கியதும் அது கண்ணில் படாது. தானாக மறையும்படி வைத்திருந்தாலும் அப்படியே. இவை எதுவும் பழுதே அல்ல.

மெனு இருந்தும் உள்ளே வெறுமை என்பது வேறு கதை. எந்தெந்தப் பயன்பாடுகள் எந்தப் பிரிவில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் முறையை ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் மெனு வரையறை வகுத்திருக்கிறது. பொதுவான மெனுக் கோப்பு கணினியின் இடிசி கோப்புறையில் இருக்கும். மெனுலிப்ரே போன்ற திருத்தியில் நாம் மாற்றங்கள் செய்தால் அதன் தனிநகல் நம் ஹோம் கோப்புறையில் உருவாகிறது. அதன்பின் அந்த நகலுக்கே முதலிடம். நகல் சிதைந்தாலோ அரைகுறையாக எழுதப்பட்டாலோ மெனு வெறுமையாகிவிடும். அந்த நகலை ஒதுக்கி வைத்தாலே போதும். பேனலைத் தொட வேண்டியதில்லை.

சரி, அழிப்பதுதான் தேவை என்று முடிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதையாவது சரியாகச் சொல்லிக்கொடுக்கிறார்களா? 2011இல் வெளிவந்த 4.8 பதிப்பிலிருந்து பேனலின் அமைப்புகளை எக்ஸ்எஃப்கான்ஃப் என்ற பின்னணிச் சேவை கவனித்து வருகிறது. அது கோப்பை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை அழித்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. அடுத்த சிறு மாற்றத்தின்போது நினைவிலிருக்கும் பழைய விவரத்தையே மறுபடி எழுதிவிடும். 'அழித்துப் பார்த்தேன், பழையபடியே வருகிறது' என்று குழம்புவோர் பலருக்கும் நேர்வது இதுதான். முதலில் பேனலை நிறுத்த வேண்டும், அடுத்து அந்தச் சேவையை நிறுத்த வேண்டும், பிறகே கோப்பில் கைவைத்து, கடைசியில் பேனலைத் தொடங்க வேண்டும். அல்லது எக்ஸ்எஃப்கான்ஃப்பின் வினவல் கருவியிடமே பேனலின் அமைப்புகள் அனைத்தையும் இயல்புக்கு மீட்கச் சொல்லலாம். இது முறையான வழி, நினைவுக்கும் கோப்புக்கும் முரண்பாடு வராது. வரிசையைச் சொல்லாமல் ஒற்றைக் கட்டளையை மட்டும் எடுத்துக் கொடுப்பது பாதி உதவிதான்.

அதைவிடப் பெரிய கவலை அழிப்பின் அகலம். பேனலின் கோப்பு ஒன்றை அகற்றச் சொல்பவர் உண்டு. எக்ஸ்எஃப்சிஇ கோப்புறை முழுவதையும் அகற்றச் சொல்பவரும் உண்டு. அதோடு விசைக் குறுக்குவழிகள், திரை அமைப்பு, மின்சேமிப்பு விருப்பங்கள், டெர்மினலின் எழுத்துரு எல்லாம் போகும். கான்ஃபிக் கோப்புறையையே துடைத்துவிடு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். குரோமியம் உலாவியின் புத்தகக்குறிகளும் லிபர்ஆஃபிசில் நாம் சேர்த்த சொற்பட்டியலும் அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கின்றன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு மெனுவுக்காக ஒருவரின் பல ஆண்டுப் புத்தகக்குறிகளைப் பறிக்கும் ஆலோசனையைப் பொறுப்பற்றது என்றுதான் சொல்வேன்.

குறைந்த அகலத்தில் அழித்தாலும் இழப்பு இல்லாமல் இல்லை. பேனலில் நாம் வைத்திருந்த தொடக்கிகள், கடிகாரத்தின் வடிவம், வானிலைக்குக் குறித்த ஊர் எல்லாம் போய்விடும். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. விசைப்பலகை மொழியைக் காட்டும் உருப்படியைப் பேனலில் சேர்த்திருந்தால் அதுவும் இயல்புநிலையில் மறைந்துவிடும். மொழித் தேர்வுகள் வேறு கோப்பில் இருப்பதால் தமிழ் விசைப்பலகை அப்படியே வேலை செய்யும். இப்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்பது மட்டும் தெரியாது. கடவுச்சொல்லைத் தமிழ் விசைப்பலகையில் அடித்துவிட்டு ஏன் நுழைய முடியவில்லை என்று திகைப்பவருக்கு, அதற்கும் மெனு மீட்புக்கும் உள்ள தொடர்பை யார் விளக்குவது?

ஆலோசனைகளுக்கு வயதும் ஆகிறது. வேறொரு பணிச்சூழலை எடுத்துக்கொள்ளுங்கள். தைவானைச் சேர்ந்த ஹோங் ஜென் யீ 2006இல் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ பணிச்சூழலில் பேனலின் அமைப்பு எளிய உரைக்கோப்பு. திறந்து படித்தாலே மெனுவுக்கான பகுதி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த வெளிப்படைத்தன்மை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கோப்பு இருக்கும் கோப்புறையின் பெயர் வழங்கலுக்கு வழங்கல் மாறும்: பொதுவாக எல்எக்ஸ்டிஇ, பழைய லுபுண்டுவில் லுபுண்டு, ராஸ்பெரி பையில் எல்எக்ஸ்டிஇ-பை. ஒன்றுக்கான கட்டளையை இன்னொன்றில் அடித்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்ற பதில்தான் வரும். லுபுண்டு 18.10 முதல் எல்எக்ஸ்கியூடி பணிச்சூழலுக்கு மாறிவிட்டது. ராஸ்பெரி பை 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பில், பை 4, பை 5 கணினிகளுக்குப் பேனலையே மாற்றிவிட்டது. பழைய கட்டளைகள் மட்டும் மாறாமல் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

நிரலாக்குநர்களுக்கும் இதில் பங்குண்டு. பேனல் முதன்முறை தொடங்கும்போது 'இயல்புநிலை அமைப்பா, ஒரு வெற்றுப் பேனலா' என்று கேட்கும் பெட்டி பல ஆண்டுகள் எக்ஸ்எஃப்சிஇயில் இருந்தது. புதிதாக வந்தவர் பொருள் புரியாமல் இரண்டாவதைச் சொடுக்கினால் மெனு உட்பட எதுவுமில்லாத ஒரு பட்டை மட்டும் கிடைக்கும். பேனல் விருப்பங்களில் உள்ள 'பேனலைப் பூட்டு' என்பதும் இடத்தை மட்டுமே பூட்டுகிறது. உருப்படிகளைக் காக்கும் என்று நம்புபவர் ஏமாறுவார். இவற்றுக்கு எதிரே பாராட்ட வேண்டியது பேனல் புரொஃபைல்ஸ் என்ற சிறு கருவி. நல்ல நிலையில் இருக்கும்போதே பேனலின் முழு ஏற்பாட்டையும் சேமித்து வைத்து, வேண்டும்போது திரும்பப் பெற உதவுகிறது. சுபுண்டு வழங்கலில் உடன்வருகிறது; மற்றவை பலவற்றில் தேடி நிறுவ வேண்டும். இது பேனலின் உள்ளேயே இருந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய நிலையைத் தானே சேமித்து வைத்திருந்தால் அழிப்பு ஆலோசனைக்கே இடமிருக்காது. பள்ளி ஆய்வகங்களில் நிர்வாகி பேனலின் அமைப்பைக் கணினி அளவில் பூட்டிவிடலாம். அந்த வசதி எக்ஸ்எஃப்கான்ஃப்பில் இருக்கிறது. விலையாக, மாணவர் தன் விருப்பப்படி ஒரு தொடக்கியைக்கூடச் சேர்க்க முடியாது. பொதுக் கணினிக்கு அது ஏற்கக்கூடியது, வீட்டுக் கணினிக்கு அல்ல.

இத்தனைக்கும், உருப்படி மட்டும் நீங்கியிருந்தால் பேனலின் வேறொரு பகுதியில் வலச்சொடுக்கி, புதிய உருப்படிகளைச் சேர்க்கும் பட்டியலிலிருந்து பயன்பாட்டு மெனுவை எடுத்து இடப்பக்கம் நகர்த்தினால் வேலை முடிந்தது. எதையும் இழக்கவில்லை. கோளாறு நம் கணக்கிலா, கணினி முழுவதிலுமா என்று சந்தேகம் இருந்தால் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பார்க்கலாம். அங்கே மெனு வந்தால் நம் கோப்புகளில்தான் சிக்கல்.

அதன்பின்னும் இயல்புநிலைக்குத் திரும்பியே ஆக வேண்டுமென்றால், கோப்பை அழிக்காமல் பெயரை மாற்றி வைப்பதே சரி. மெனு திரும்பியதும் பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். இரண்டிலும் பேனலின் உருப்படிகள் எண்களாக வரிசையிடப்பட்டிருக்கும். ஒவ்வோர் எண்ணும் எந்த உருப்படிக்கு உரியது என்பதும் கீழே எழுதப்பட்டிருக்கும். பழையதில் மெனுவுக்குரிய எண் விடுபட்டிருந்தால் யாரோ அதை நீக்கியிருக்கிறார்கள். விடுபடாமல் இருந்தால் அழிப்பு சரிசெய்தது வேறெதையோ. அது மறுபடியும் வரும்.