கண்ணாடித் தகட்டில் இருந்த நிறமும் கணினி யூகிக்கும் நிறமும்

'நூறு வருசத்துக்கு முந்தைய ரஷ்யா, நிஜ நிறத்தில்' என்ற தலைப்போடு சில படங்கள் அடிக்கடி வாட்ஸப்பில் சுற்றி வரும். நீல அங்கியில் உட்கார்ந்திருக்கும் புகாரா அமீர், பழத்தட்டோடு நிற்கும் மூன்று கிராமத்துப் பெண்கள், நாற்காலியில் டால்ஸ்டாய். அதே கட்டில் 'செயற்கை நுண்ணறிவு நிறமூட்டிய' வேறு பத்துப் படங்களும் இருக்கும். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் வகை ஆவணம், இரண்டாவது யூகம். இரண்டையும் ஒரே இலையில் பரிமாறுவது சரியில்லைங்க. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதல் வகைப் படங்களை எடுத்தவர் செர்கெய் புரோகுதின்-கோர்ஸ்கி (1863–1944). 1902இல் பெர்லின் போய் அடோல்ஃப் மீத்தேயிடம் மூவண்ணப் படமெடுப்பைக் கற்றவர். சார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸின் ஆதரவோடு 1909 முதல் 1915 வரை ரஷ்யப் பேரரசு முழுக்கச் சுற்றினார். அவருடைய கண்ணாடித் தகடு ஒவ்வொன்றும் சுமார் 3 அங்குல அகலம், 9 அங்குல நீளம். அதில் மேலிருந்து கீழாக நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக மூன்று படங்கள் பதிவாகும். தகட்டில் நிறமே கிடையாது, மூன்றும் கறுப்பு வெள்ளைதான். மூன்று லென்ஸ் உள்ள விளக்கில் அதே மூன்று நிற வடிகட்டிகளை வைத்துத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வைத்தால் நிறம் வரும்.

நம்ம பாஷையில் சொன்னா, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று அளவீடு இருக்கு. இன்றைய டிஜிட்டல் கேமரா சென்சார் செய்வதும் அடிப்படையில் இதுதான்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1948இல் அவருடைய வாரிசுகளிடமிருந்து இந்தத் தொகுப்பை வாங்கியது. மொத்தம் 1,902 மூவண்ண நெகட்டிவ்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். பெரிய கோப்புகள் 9,000 பிக்சலுக்கு மேல் உயரம். நான் சிலவற்றை எடுத்து, பைதானில் மூன்றாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தேன். முதலில் சின்னதாக்கிய படத்தில் பொருத்தம் தேட வேண்டும், பிறகு அதையே படிப்படியாகப் பெரிய அளவில் திருத்த வேண்டும். முப்பது நாற்பது வரி நிரல் போதும்.

இதில் கற்றுக்கொடுக்கிற படம் புகாரா அமீருடையது (1911). பிக்சல்களின் வெளிச்ச அளவை வைத்துப் பொருத்தினால் இந்தப் படம் ஒழுங்காக உட்காராது. காரணம் அந்த நீல அங்கி. நீலத் தகட்டில் அது வெளுத்துத் தெரியும், சிவப்புத் தகட்டில் இருண்டு கிடக்கும். அதனால் வெளிச்சத்தை விட்டுவிட்டு, விளிம்புகளை வைத்துப் பொருத்த வேண்டும். கணக்கைக் குழப்புகிற அந்த வித்தியாசம்தான் அங்கி நீலம் என்பதற்குச் சாட்சி. யாரும் யூகித்துப் பூசிய நீலம் அல்ல அது.

இப்போது விமர்சனத்துக்கு வருவோம். இந்தத் தகடுகளிலிருந்து பிறந்த வண்ணப் படங்கள் மூன்று வகை.

ஒன்று, காங்கிரஸ் நூலகத்தின் கண்காட்சிக்காக வால்டர் ஃபிராங்க்ஹவுசர் கையால் செய்தவை, மொத்தம் 122. ஓரங்களை வெட்டி, கறைகளை நீக்கி, நிறத்தையும் ஒளி வேறுபாட்டையும் சரிசெய்திருக்கிறார். கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. ஆனால் எந்த மூலையில் தகடு பேசுகிறது, எந்த மூலையில் அவர் கை பேசுகிறது என்று படத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

இரண்டு, 2004இல் பிளேஸ் அகுவேரா இ ஆர்காஸ் எழுதிய நிரல் தானாகச் செய்தவை. ஓரங்களில் வண்ணக் கோடுகள், நடுவில் கீறல்கள். நதி இருக்கும் படங்களில் தண்ணீர் வானவில் மாதிரி சிதறும், ஏன்னா மூன்று பதிவுகளுக்கு இடையில் அலை நகர்ந்துவிட்டது. அசைந்த மனிதர்களுக்கு வண்ண நிழல் ஒட்டியிருக்கும். என் ஓட்டு இதற்குத்தான். அந்தச் சிதறல் குறை இல்லை. மூன்று கணங்கள் ஒரே படத்தில் இருக்கின்றன என்பதற்கு அத்தாட்சி அது.

மூன்று, இணையத்தில் சுற்றுபவை. சாச்சுரேஷன் ஸ்லைடரை வலது பக்கம் தள்ளி, சிதறலை அழித்து, முகத்தை வழவழப்பாக்கி, 'நேற்று எடுத்தது மாதிரி' ஆக்கியவை. பழைய படத்தின் மதிப்பே அது நேற்று எடுத்தது இல்லை என்பதுதானே!

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறமூட்டுவது இதிலிருந்து அடிப்படையிலேயே வேறு. அங்கே ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு அளவீடு. பாட்டியின் கல்யாணப் படத்தில் புடவை அரக்கா, மயில்கழுத்தா? இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் பதிவாகியிருக்க முடியும். தொலைந்த இரண்டு எண்களை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது; தான் பழகிய படங்களின் சராசரியைப் பார்த்து ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பார்த்து வளரும் பேத்திக்குப் புடவையின் நிறம் அதுவாகவே ஆகிவிடும். உண்மை நிறம் தெரிந்த பெரியம்மா ஒருவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்காவிட்டால், பிறகு கேட்க ஆள் இருக்காது.

'அளந்த நிறம் மட்டும் சுத்தமான உண்மையா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூவண்ண முறையை முதலில் செய்து காட்டியவர் மேக்ஸ்வெல், 1861இல். அவர் பயன்படுத்திய தகடுகளுக்குச் சிவப்பு ஒளியே தெரியாது. சிவப்புத் துணி பிரதிபலித்த புற ஊதா ஒளி வடிகட்டி வழியாக நுழைந்ததால்தான் அது பதிவானது என்று 100 வருடம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். ஆக, அளவீட்டிலும் பிழை வரும். ஆனால் அளவீட்டின் பிழையைத் தேடிப் போய்க் கண்டுபிடிக்கலாம். யூகத்தில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை.

'நிறம் வந்தால்தானே இளைஞர்கள் பார்க்கிறார்கள்' என்பது இன்னொரு வாதம். பீட்டர் ஜாக்சன் 2018இல் முதல் உலகப் போர்க் காட்சிகளுக்கு நிறமூட்டி எடுத்த ஆவணப்படம் நிறையப் பேரைத் தொட்டது உண்மை. ஆனால் அதே பாதையில் போனால் எங்கே நிற்போம் என்பதற்கும் சாட்சி இருக்கு. 2021இல் கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு நிறமூட்டி ஒரு இணைய இதழ் வெளியிட்டது. சில முகங்களில் அசலில் இல்லாத புன்னகை இருந்தது. கம்போடிய அரசு கண்டித்தது, இதழ் கட்டுரையை நீக்கியது. நிறத்தை யூகிக்கலாம் என்றால் உதட்டையும் யூகிக்கலாம் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றத்தான் செய்யும்.

நிறமூட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஃபோட்டோஷாப்பில் செய்தால் அசல் ஸ்கேனைத் தொடாமல் நிறத்தைத் தனி லேயரில் வையுங்கள். கோப்பின் பெயரிலேயே 'யூக நிறம்' என்று எழுதுங்கள். பகிரும்போது அசலையும் சேர்த்து அனுப்புங்கள். காங்கிரஸ் நூலகம் தன் வண்ணப் படங்களோடு மூன்று சாம்பல் பதிவுகள் கொண்ட தகட்டின் ஸ்கேனையும் கொடுக்கிறது. அதனால்தான் எங்கோ உட்கார்ந்திருக்கும் என்னால் அந்த அங்கி நீலமா என்று சரிபார்க்க முடிந்தது.