ஊர் கேட்டோம், பேர் கேட்கவில்லை: சித்தி பெண்களின் கவந்தி பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் பெங்களூரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில், டிவிக்கு எதிர்ச் சுவரில் ஒரு ஒட்டுத்துணிப் போர்வையை மாட்டியிருந்தார். சிவப்பு, மஞ்சள், பள்ளிக்கூடச் சீருடை நீலம், எங்கேயோ கிழிந்துபோன லுங்கியின் கட்டம். நான்கு மூலையிலும் பூ மாதிரி மடித்துத் தைத்த சின்னத் துண்டுகள். காபி ஆறும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரத்தில் ஒரு சீட்டு தொங்கியது: சித்தி பழங்குடி, உத்தர கன்னட மாவட்டம், கைத்தையல், தனியாகத் துவைக்கவும். எல்லாத் தகவலும் இருந்தது, தைத்தவர் பேர் மட்டும் இல்லை.

ஓசூர் திரும்பியதும் என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். சில வருஷம் முன்னால் சித்திகளைப் பற்றி 11 பக்கம் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். போர்த்துகீசியர், கோவா, அடிமை வியாபாரம், மாலிக் அம்பர், ஜஞ்சீரா கோட்டை எல்லாம் வந்திருந்தது. கலைஞர் ஒருவரின் பேர்கூட வரவில்லை. அந்தச் சீட்டை எழுதியவர் விட்டதையே நானும் விட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை அந்த நோட்டுக்கான திருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நம்ம ஊரில் சித்தி என்றால் அம்மாவின் தங்கை. இது வேறு சித்தி. ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளாக அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மாலுமிகளாகவும் இந்தியாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். குஜராத்திலும் கர்நாடகத்திலும் அதிகம். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று மதத்திலும் உண்டு. கன்னடம், கொங்கணி, உருது, மராத்தி பேசுகிறார்கள். 2003ல் உத்தர கன்னடச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த மாதிரி ஒரு பத்தியோடு நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுவதுதான் நம் வழக்கம். யூட்யூபில் தேடினால் ‘இந்தியாவுக்குள் ஒரு ஆப்பிரிக்க கிராமம்’ என்கிற ரகத்தில் வீடியோக்கள் கொட்டும். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அவர்கள் செய்கிற பொருளைப் பற்றிக் கேள்வியே கிடையாது.

சரி, பொருளுக்கு வருவோம். அதன் பேர் கவந்தி. கிழிந்த புடவை, சட்டை, பாவாடை, எதுவும் வீணாவதில்லை. அடியில் பழைய புடவை ஒன்றை விரித்து, ஒரு மூலையில் துண்டை வைத்துத் தைக்க ஆரம்பிக்கிறார்கள். ஓரத்தைச் சுற்றிக்கொண்டே போய், சுற்றுச் சுற்றாக உள்ளே வந்து, நடுவில் முடிகிறது. ஊசி மேலும் கீழுமாக ஓடுகிற சாதாரண ஓட்டுத் தையல்தான். துண்டை வைத்து, விளிம்பை மடித்து, அடுத்ததை அதன் மேல் கொஞ்சம் ஏற்றி வைத்துத் தைத்துக்கொண்டே போக வேண்டும். எல்லா அடுக்கையும் பிடித்து நிறுத்துவது அந்த ஒரே தையல்தான். கடைசியில் மூலைகளில் வைக்கிற மடிப்புத் துண்டுக்குப் பேர் ஃபூலா, அதாவது பூ. அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம்.

இதில் முன்கூட்டிப் போட்ட வரைபடம் இல்லை. நான் 20 வருஷமாக சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். டிசைன் டாக்குமெண்ட் இல்லாமல் ஒரு வேலையை ஆரம்பித்தால் என்ன கதியாகும் என்று தெரியும். ஆனால் இங்கே ஓரத்திலிருந்து உள்ளே வருவதால், ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டு விட்டுவைத்த இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் மிச்சம் இருக்கிற துணி எவ்வளவோ அவ்வளவுதான் சுதந்திரம். நண்பர் வீட்டுப் போர்வையில் இடது பக்கம் முழுக்க அடங்கின நிறம். திடீரென்று கைக்குட்டை அளவுக்கு ஒரு ரத்தச் சிவப்பு. அதற்கு ஈடுகட்ட எதிர்ப்பக்கம் பெரிய சிவப்பைத் தேடினால் கிடைக்காது. நாலு சின்னச் சிவப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒரே புடவையின் மிச்சம் தீர்ந்துகொண்டு வருகிறது, அதை எங்கே செலவழிப்பது என்று தீர்மானித்த ஒரு ஆள் அங்கே இருக்கிறார். ‘பழங்குடிப் பாணி’ என்று சொன்னால் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார். பாணி முடிவெடுக்காது, ஆள்தான் முடிவெடுக்கிறார்.

இங்கே ஒரு ஆராய்ச்சிக் கேள்வி வரும்: கவந்தியில் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது? கேட்கத் தோன்றும், நானும் தேடினேன். ஆனால் பழந்துணியை அடுக்கித் தைக்கிற வேலை தக்காணம் முழுக்க உண்டு. வட கர்நாடகத்தில் கௌதி, மகாராஷ்டிரத்தில் கோதடி, தெலுங்கில் பொந்த. ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு பொந்தவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழிக் குளிருக்கு அதற்கு ஈடு எந்தக் கம்பளியும் கிடையாது. ஆக, தொழில்நுட்பம் இந்த மண்ணினுடையது. அந்தத் தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரர் செய்யாததைச் செய்வதில்தான் சித்திப் பெண்களின் கலை இருக்கிறது: அந்த ஃபூலா, பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் நடுவே அந்தத் துள்ளல். அதை ஆப்பிரிக்க ரத்தத்தின் நினைவு என்று சொல்வது கேட்க அழகாக இருக்கும். ஆனால் அப்படிச் சொன்னதும் உழைப்பும் பயிற்சியும் போய், பிறப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தப் ‘பிறப்பு’ வாதம் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் ஏற்கெனவே இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் இந்திய விளையாட்டு ஆணையம் சித்திப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து தடகளப் பயிற்சி கொடுத்தது. ஆப்பிரிக்க உடம்பு, ஓட்டத்தில் பதக்கம் வரும் என்ற கணக்கு. சிலர் நன்றாகவே ஓடினார்கள். சில வருஷத்தில் திட்டம் நின்றது, பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். அரசாங்கத்தின் கண்ணுக்கு அவர்களுடைய கால் தெரிந்தது, கை தெரியவில்லை.

அதே 1980களில் ஹெக்கோடு நீநாசம் நாடகக்காரர்கள் வேறு ஒரு வேலை செய்தார்கள். கே.வி. சுப்பண்ணாவின் அமைப்பு அது. சினுவா அச்சிபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ நாவலைக் கன்னட நாடகமாக்கி, சித்திகளையே நடிக்க வைத்தார்கள். நைஜீரிய கிராமத்தின் கதை மலைநாட்டுக் கன்னட மேடையில். இதிலும் ‘ஆப்பிரிக்கர்களுக்கு ஆப்பிரிக்கக் கதை’ என்ற கணக்கு இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நடிகருக்குப் பாத்திரம் உண்டு, வசனம் உண்டு. அதனால்தான் அந்த வட்டாரத்திலிருந்து நாடகத்துக்கும் இசைக்கும் தொடர்ந்து ஆட்கள் வந்தார்கள் என்று நினைக்கிறேன். பாடகரும் நாடகக் கலைஞருமான கிரிஜா சித்தியை இன்று கன்னட ரசிகர்கள் பேர் சொல்லியே அறிவார்கள். மேடையில் ஏறினவருக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கிறவருக்குத்தான் கிடைப்பதில்லை.

கவந்திக்கு வெளியுலகம் திறந்தது 2000க்குப் பிறகு. அமெரிக்கக் கலை வரலாற்றாளர் ஹென்றி ட்ரூவால் இந்தப் பெண்களோடு வேலை செய்தார், தையல் கூட்டுறவு ஒன்று உருவானது. 2011ல் நியூயார்க் ஹார்லெமில், கறுப்பின வரலாற்றுக்கான ஷொம்பர்க் மையத்தில் கவந்திகள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. மழைக்காலத்தில் பிள்ளைகள் போர்த்திக்கொள்ளத் தைத்த துணி, ஹார்லெம் சுவர் வரை போனது. பெரிய விஷயம்தான். அதோடு ஒரு கேள்வியும் பிறக்கிறது. சுவருக்குப் போகிறபோது அது கலை என்றால், விலை யாருக்கு, பேர் யாருக்கு?

இதை ஏற்கெனவே அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர், ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கிற கறுப்பினக் கிராமம். அங்கும் பெண்கள் பழைய வேலைச் சட்டைகளையும் ஜீன்ஸையும் வெட்டிப் போர்வை தைப்பார்கள். 2002ல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்டப்பட்டன. நவீன ஓவியத்துக்குச் சமம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 2006ல் அமெரிக்கத் தபால்துறை 10 தபால்தலை வெளியிட்டது. அடுத்த வருஷமே ஆனி மே யங், லொரெட்டா பெட்வே போன்ற தையல்காரர்கள் நீதிமன்றம் போனார்கள்: எங்கள் வடிவங்கள் விற்பனைப் பொருட்களாகச் சுற்றுகின்றன, எங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று. 2008ல் சமரசம் ஆனது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது என் விஷயமில்லை. நான் கவனிப்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு போர்வைக்கும் தைத்தவர் பேர் பதிவாகியிருந்ததால்தான், ‘இது என்னுடையது’ என்று ஒருத்தரால் வழக்குப் போட முடிந்தது. பேர் இல்லாத பொருளுக்கு வாதி கிடையாது.

அதிலும் ஒரு கசப்பு உண்டு. அந்த ஊரில் பலருக்குப் பெட்வே என்று பேர் இருப்பதற்குக் காரணம், அவர்களுடைய முன்னோர்களை வைத்திருந்த பண்ணை முதலாளியின் பேர் அது. இங்கே பலருக்குக் குடும்பப் பேர் இருக்கிற இடத்தில் ‘சித்தி’ என்றே இருக்கிறது. அங்கே முதலாளி பேர், இங்கே இனத்தின் பேர். இரண்டுக்கும் முன்னால் இருக்கிற அந்தச் சின்னப் பேர்தான் ஆளினுடையது. சீட்டில் வெட்டிவிடுவது அதைத்தான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானதும்கூட. கவந்தி வீட்டுப் பொருள், அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து தைப்பது, தனி ஆள் கையெழுத்து என்பது அருங்காட்சியகக்காரர்களின் பழக்கம். அதை ஏன் கிராமத்தின் மேல் திணிக்க வேண்டும்? வீட்டுக்குள் இருக்கும்வரை இதற்கு நான் தலையாட்டுவேன். பேத்திக்குத் தைத்துக் கொடுத்தால் சீட்டு வேண்டாம், யார் தைத்தது என்று பேத்திக்குத் தெரியும். ஆனால் விலை போட்டு விற்கிற நிமிஷத்தில் கணக்கு மாறிவிடுகிறது. நாங்கள் எழுதுகிற நிரலில் பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்தாலும், எந்த வரியை யார் எழுதினார் என்று பதிவு இருக்கும். கூட்டு வேலை என்பது பேரை அழிக்கக் காரணமே இல்லை. மூன்று பேர் தைத்தால் மூன்று பேரையும் எழுதலாம், சீட்டில் இடம் இருக்கிறது. ‘தனியாகத் துவைக்கவும்’ என்று எழுத இடம் இருந்ததே.

கடைசியாக ஒரு ஒப்பீடு. அகமதாபாத்தில் சிதி சையது மசூதி இருக்கிறது, 1572-73ல் கட்டியது. கல்லில் மரமும் கிளையும் பின்னிய அந்தச் சன்னலைப் பார்க்காதவர்கள்கூட ஐஐஎம் அகமதாபாத்தின் சின்னத்தில் அதன் சாயலைப் பார்த்திருப்பார்கள். கட்டுவித்த சிதி சையது ஆப்பிரிக்க வம்சாவளிப் பிரபு. அதிகாரம் இருந்தது, 450 வருஷம் ஆகியும் பேர் நிற்கிறது. அந்தக் கல்லைச் செதுக்கினவர் யார்? அவர் ஆப்பிரிக்கரோ, குஜராத்தியோ, அவருக்கும் கவந்தி தைக்கிற பெண்ணுக்கும் ஒரே நிலைமைதான். கருவியைக் கையில் பிடித்தவரின் பேர் நிற்பதில்லை. நிறமும் இனமும் அதை இன்னும் சுலபமாக்கிவிடுகின்றன. ‘சித்தி’ என்று ஒரு சொல் எழுதிவிட்டால், எல்லாம் சொல்லிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது.

எழுதி முடித்த பிறகு நண்பருக்குப் போன் போட்டேன். வாங்கின இடத்தில் கேட்டுப் பாருங்கள், யார் தைத்தது என்று. ‘அது எதுக்குடா இப்போ?’ என்று சிரித்தார். அப்புறம், ‘சரி, கேக்கறேன்’ என்றார். நோட்டில் 12ஆம் பக்கத்தில் இரண்டு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் பத்தியின் தலைப்பு: யார். அடுத்தது: என்ன செய்தார். எங்கிருந்து வந்தார் என்பதற்கு 11 பக்கம் ஏற்கெனவே செலவாகிவிட்டது.