அன்டனியும் கிளியோபாத்ராவும்: வென்றவன் எழுதிய தீர்ப்பு

ஷேக்ஸ்பியரின் ‘அன்டனியும் கிளியோபாத்ராவும்’ நாடகத்தைப் பற்றிக் கேட்டால் நம்மில் பலர் ஒரே வரியில் முடித்து விடுவார்கள்: “ஒரு பொம்புளையால கெட்டுப் போன வீரன்ட கதை.” நானும் மாணவப் பருவத்தில் பரீட்சைத் தாளில் அப்படித்தான் எழுதினேன். புள்ளியும் கிடைத்தது. இப்போது மீண்டும் வாசிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இந்தத் தீர்ப்பை முதலில் சொன்னது யார்?

முதற் காட்சியிலேயே விடை இருக்கிறது. அன்டனி மேடைக்கு வருமுன்பே அவனது ரோமப் படையாள் ஒருவன், தளபதி எகிப்தியப் பெண்ணின் மோகத்தில் தரம் தாழ்ந்து விட்டதாகக் குறைபடுகிறான். ஆளைக் காணுமுன் தீர்ப்பு வந்து விடுகிறது; அதுவும் ரோமின் வாயிலிருந்து வருகிறது. நாம் அதைத்தான் காலங்காலமாகத் திருப்பிச் சொல்கிறோம்.

ரோமில் காதலும் அரசியலும் கலக்கவில்லையா? அன்டனியின் மனைவி புல்வியா இறந்ததும் ஒக்டேவியஸ் சீஸரின் சகோதரி ஒக்டேவியாவை அவனுக்குக் கட்டி வைக்கிறார்கள். இரண்டு ஆட்சியாளர்களைச் சேர்த்துக் கட்ட ஒரு பெண் கயிறாகிறாள். அவளது விருப்பத்தை எவரும் கேட்பதில்லை. பின்பு கணவனுக்கும் சகோதரனுக்கும் இடையில் சமாதானம் தேடி அவள் ரோமுக்கு வரும்போது, ஊரறிய வரவேற்கத் தக்கவள் இப்படிச் சாதாரணமாக வந்து விட்டாளே என்பதே சீஸரின் முதற் கவலை. அந்த அவமதிப்பும் அன்டனிக்கு எதிரான குற்றப்பட்டியலில் ஏறிக்கொள்கிறது. எகிப்தில் நடந்தால் அது மோகம். ரோமில் நடந்தால் இராஜதந்திரம்!

அதிகாரத்தின் உள்முகத்தைக் காட்டும் இரு சிறு காட்சிகளை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். பொம்பேயின் கப்பலில் விருந்து நடக்கிறது. உலகை ஆளும் மூவரும் குடித்துக் களிக்கிறார்கள். கயிற்றை வெட்டிக் கப்பலைக் கடலில் விட்டு மூவரின் கழுத்தையும் அறுத்து விடலாம் என்று மீனாஸ் காதோடு காதாகச் சொல்கிறான். பொம்பே மறுக்கிறான். ஆனால் எப்படி மறுக்கிறான்? கேளாமல் செய்திருக்க வேண்டும், கேட்டு விட்டாயே என்கிறான். பாவம் வேண்டாம், பயன் மட்டும் வேண்டும்! மற்றது, பார்த்தியரை வென்ற வென்டிடியஸ், ஓடும் எதிரியைத் துரத்தாமல் நின்று விடுகிறான். தலைவனை விட அதிகமாகப் புகழ் பெற்றவன் தலைவனின் நிழலில் வாழ முடியாது என்பது அவனுக்குத் தெரியும். தலைவருக்கு முன்னால் கொஞ்சம் மடையனாக நடிக்கத் தெரியாதவர்கள் எத்தனை சபைகளிலும் கட்சிகளிலும் காணாமல் போயிருக்கிறார்கள்!

கிளியோபாத்ராவை அப்பாவி என்று சொல்ல வரவில்லை. அன்டனியின் திருமணச் செய்தியைக் கொண்டு வந்த ஏவலாளை அடித்துக் கத்தியையும் உருவுகிறாள். தான் இறந்து விட்டதாக அவள் அனுப்பிய பொய்ச் செய்தியே அன்டனி தன் வாளிலேயே விழக் காரணமாகிறது. அவளது அதிகாரமும் எளியவரின் முதுகில்தான் இறங்குகிறது. ஆனால் அவளது தவறுகளை அவளுடைய தவறுகளாகவே எடை போட வேண்டும். அன்டனியின் தவறுகளையும் அவள் தலையில் கட்டக் கூடாது. கி.மு. 31இல் அக்டியத்தில் தரைப்படை பலமாக இருந்தும், தோழர்கள் தடுத்தும், சீஸர் சவால் விட்டான் என்பதற்காகவே கடலில் மோதியவன் அன்டனி. அவள் கப்பல்கள் திரும்பியதும் படையை விட்டுப் பின்னால் போனவனும் அவனே.

வரலாற்றில் ஒக்டேவியஸ் போர் பிரகடனம் செய்தது கிளியோபாத்ராவுக்கு எதிராக மட்டுமே. சக ரோமனுக்கு எதிரான உள்நாட்டுப் போர் என்று சொன்னால் மக்கள் முகம் சுளிப்பார்கள். அந்நியப் பெண்ணுக்கு எதிரான போர் என்றால் சுளிக்க மாட்டார்கள். ஷேக்ஸ்பியர் இதை நுட்பமாகப் பிடித்திருக்கிறார். அன்டனி இறந்த செய்தி கேட்டுச் சீஸர் அழுகிறான். அழுத கையோடு, தான் எவ்வளவு தயங்கிப் போருக்கு வந்தேன் என்பதைத் தன் கடிதங்களில் காட்டுவதாகச் சொல்லி எல்லாரையும் கூடாரத்துக்கு அழைக்கிறான். கண்ணீர் காயவில்லை, ஆவணம் தயாராகி விட்டது.

கிளியோபாத்ராவின் கடைசிப் பயமும் இதுவே. ரோமின் தெருக்களில் காட்சிப் பொருளாவதையும், கூத்தாடிகள் தன்னைக் கேலியாக நடித்துக் காட்டுவதையும் எண்ணி அவள் நடுங்குகிறாள். அத்திப்பழக் கூடைக்குள் வந்த பாம்பு அவளுக்குச் சாவை மட்டும் தரவில்லை. சீஸரின் வெற்றி ஊர்வலத்திலிருந்து அதன் முதற் பொருளையும் பறித்து விடுகிறது. தற்கொலையை நமது மார்க்கம் ஹராமாக்கியிருக்கிறது. அதில் இரு கருத்தில்லை. ஆயினும் தோற்றவளின் கையில் எஞ்சியிருந்த அதிகாரம் எவ்வளவு சொற்பம் என்பதை அக்காட்சி காட்டாமல் விடுவதில்லை.

ஷேக்ஸ்பியருக்கு மூலம் 1579இல் தோமஸ் நோர்த் ஆங்கிலத்தில் தந்த புளூட்டார்க். புளூட்டார்க் எழுதியதோ சீஸர் நிறுவிய பேரரசின் நிழலில். ஆனால் நம்மிடம் வேறொரு மரபும் உண்டு. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல் மஸ்ஊதி, ‘முரூஜுத் தஹப்’ நூலில் கிளியோபாத்ராவை ஞானமுள்ள அரசியாகவும் மருத்துவ நூல்கள் எழுதியவளாகவும் குறிக்கிறார். மயக்கும் அழகி அங்கில்லை. அறிஞர்களோடு அமர்ந்த ஆட்சியாளர் இருக்கிறார். 20ஆம் நூற்றாண்டில் எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவளைப் பற்றிக் கவிதை நாடகம் எழுதியபோது, தேசத்தின் நலனைக் காதலுக்கு மேல் வைத்த அரசியாக அவளை நிறுத்தினார். பிரித்தானியரால் நாடு கடத்தப்பட்டு ஸ்பெயினில் வாழ்ந்தவர் அவர். வெளியார் எழுதிய கதைக்குப் பதில் எழுதுவதன் பெறுமதி அவருக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரம் படையிலும் கஜானாவிலும் மட்டும் இல்லை. நடந்ததை யார் சொல்வது என்பதிலும் இருக்கிறது. அதனால் அடுத்த முறை ஒரு பிள்ளை வந்து, “சேர், இது பொம்புளையால கெட்ட கதைதானே?” என்று கேட்டால், “யார் சொன்ன மகன்?” என்று திருப்பிக் கேளுங்கள். இந்த நாடகத்தைப் படிப்பிக்க வேறு வழியில்லை.